பிரேக் லைட் எல்லாம் ஏன் ஒரே சிவப்பாக இல்லை?

ஹட்டன் – நுவரெலியா வீதியில் முன்னால் போகும் வண்டிகளில் ஒன்றின் பிரேக் லைட் கடுஞ்சிவப்பாகவும் இன்னொன்றினது ரோஸ் நிறமாகவும் தெரிவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி எல்லாமே சிவப்புதான். வித்தியாசம் பல்பிலும் மூடியிலும் இருக்கிறது.

பழைய இழை பல்பின் ஒளியில் சிவப்பு தாராளம். சிவப்பு மூடி மற்ற நிறங்களைத் தடுத்து அதை மட்டும் வெளியே விடும். அதே மூடிக்குள் மலிவான வெள்ளை எல்இடி போட்டால்தான் வினை. அதில் நீலம் அதிகம், சிவப்பு குறைவு. வெளிச்சம் மங்கி, ரோஸாகவோ செம்மஞ்சளாகவோ தெரியும். சிவப்பு எல்இடி போடுங்கள், இழை பல்பைவிடச் சுமார் 0.2 விநாடி முந்தியும் எரியும்.

அப்புறம், வெயிலில் வெளுத்த மூடியாலும், அதன் விரிசலில் கசியும் வெள்ளை ஒளியாலும் சிவப்பு வெளிறித் தெரியும்.

சிவப்பு பனிமூட்டத்தை ஊடுருவும் என்பார்கள். நம்பாதீர்கள்; நானுஓயாப் பனியின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரேமாதிரிதான் சிதறடிக்கும்.