கருவி மாற்றும்போது கற்றவை: கேள்வி பதில்

வெற்றிடக் கலன்களோடும் டிடெக்டர்களோடும் பல ஆண்டுகளாகப் பழகியவன் நான். இயற்பியல் ஆய்வகத்தில் பழைய கருவியைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, எங்கள் கலனில் வெற்றிடம் உண்டாக்கும் டர்போ பம்பை அடுத்த மாதம் மாற்றப்போகிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பழைய பம்ப் நன்றாக ஓடும்போதே அதை அளந்து வையுங்கள். கலன் எந்த அழுத்தத்தில் நிற்கிறது, அந்த அழுத்தத்தை எட்ட எத்தனை மணி நேரம் ஆகிறது, உள்ளே எஞ்சியிருக்கும் வாயுக்கள் எவை என்று எல்லாமே லாக்புக்கில் ஏற வேண்டும். ஒவ்வொரு கேபிளுக்கும் இரு முனையிலும் பெயர் ஒட்டிப் படம் எடுங்கள். பழுதான பிறகு அளப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்ல நிலையின் எண்கள் கையில் இல்லாவிட்டால், புதிய பம்ப் சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

ஆய்வை நிறுத்திவைத்து வேலை செய்ய ஒரே ஒரு நிறுத்தம்தான் கிடைக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடலாமா?

வேண்டாம். ஒருமுறை பம்பையும் அழுத்தமானியையும் ஒரே நாளில் மாற்றினோம். மறுநாள் அழுத்தம் பத்து மடங்கு அதிகமாகக் காட்டியது. கசிவா, பம்ப் பலவீனமா, மானி தப்பாகக் காட்டுகிறதா? மூன்று வாரம் கலனின் வெளியே ஹீலியம் அடித்து, அது உள்ளே நுழைகிறதா என்று பார்த்துக் கசிவு தேடினோம். கடைசியில் பழைய மானியைத் திரும்ப மாட்டியபோதுதான் குற்றம் புதிய மானியிடம் என்று தெரிந்தது. ஒன்றை மாற்றுங்கள், சோதியுங்கள், பிறகு அடுத்தது. நிறுத்தம் ஒன்றே என்றாலும் இந்த வரிசையை அதற்குள் அடக்க முடியும்.

கழற்றும்போதா, மாட்டும்போதா, எப்போது ஆபத்து அதிகம்?

இரண்டிலும் இல்லை, திரும்ப இயக்கும்போதுதான். நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பிடிக்கும் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே டிடெக்டரை நினைத்துப் பாருங்கள். 50,000 டன் நீர்த்தொட்டி, சுவரெங்கும் மங்கிய ஒளியையும் உணரும் 11,000க்கும் மேற்பட்ட ஒளிபெருக்கிக் கண்ணாடிக் குழாய்கள். 2001இல் தொட்டியை வடித்து, செயலிழந்த குழாய்களை மாற்றினார்கள். நவம்பர் 12 அன்று நீர் மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தபோது அடியில் இருந்த ஒரு குழாய் உள்நோக்கி நொறுங்கியது. அந்த அதிர்வலை பக்கத்துக் குழாயை உடைக்க, அது அடுத்ததை உடைக்க, சில நொடிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை போயின. அப்புறம் ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் அக்ரிலிக்கிலும் பின்னால் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்கிலும் உறை போட்டார்கள். ஐயாயிரத்துச் சொச்சம் குழாய்களோடு 2002 கடைசியில் ஆய்வைத் தொடர்ந்து, 2006இல்தான் முழு எண்ணிக்கைக்குத் திரும்பினார்கள். எனக்கு இதில் மனதை வருத்துவது, அத்தனை குழாய்களையும் காக்கக்கூடிய உறை விபத்துக்குப் பிறகுதான் வந்தது என்பதே. ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பது என்ன ஆகும் என்று நிரப்பும் முன் கேட்டுவிடுங்கள்.

காந்தம் போன்ற பெரிய கருவிகளில் என்ன கவனிக்க வேண்டும்?

இணைப்புகளைத்தான். 2008 செப்டம்பர் 19 அன்று ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மோதவிடும் எல்ஹெச்சி முடுக்கியில் மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டு காந்தங்களுக்கு நடுவே இருந்த ஓர் இணைப்பு கெட்டது. அங்கே தோன்றிய மின்வில், காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியத்தின் உறையைத் துளைத்து, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்தில் பரவியது. 53 காந்தங்களைக் கழற்றிப் பழுது பார்க்கவோ மாற்றவோ வேண்டியிருந்தது. 2009 நவம்பரில்தான் துகள் கற்றை மறுபடி சுற்றியது. காந்தத்தைச் சோதித்தோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், இரண்டு காந்தங்களைச் சேர்க்கும் இடத்தின் மின்தடையையும் அளக்க வேண்டும்.

ஐயா, கலனின் இணைப்புகளை அடைக்கும் பழைய செப்பு வளையத்தை (காஸ்கெட்) மறுபடி போடலாமா?

கூடாது. இணைப்பு விளிம்பின் கத்திமுனை ஒருமுறை பதிந்த செம்பு அடுத்த முறை சரியாக அடைக்காது. போல்ட்டுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

கேபிளை மாற்றினால் அளவீடே மாறுமா?

மாறும். 2011இல் நியூட்ரினோக்களை ஆராயும் ஆபரா (OPERA) குழு, நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்தது. நேரத்தைக் கொண்டுவந்த ஒளியிழையின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று 2012இல் தெரிந்தது. கேபிளைத் தொட்ட ஒவ்வொரு முறையும் தாமதத்தை மறுபடி அளந்து எழுதுங்கள்.

புதிய டிடெக்டர் வந்துவிட்டது. பழையதை உடனே அகற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இடம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே கதிர்வீச்சு மூலத்தை அளக்க விடுங்கள். இடம் இல்லையென்றால், பழையதைக் கழற்றுமுன் அதே சீசியம் மூலத்தை அதே தொலைவில் வைத்து எடுத்த நிறமாலையைச் சேமித்து, புதியதிலும் அப்படியே எடுங்கள். மூலத்தை வைத்த தொலைவை மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் எழுத மறப்பது அதைத்தான்.