ராணுவ ஆட்சியில்தான் பாகிஸ்தான் பொருளாதாரம் வளர்ந்ததா?

"அயூப், ஜியா, முஷாரஃப் காலத்தில் வளர்ச்சி வேகம் அதிகம், அப்படியென்றால் ராணுவ ஆட்சிதான் நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ச்சி அதிகம் என்பது சரி. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

அயூப் கானுக்குப் பனிப்போர் கைகொடுத்தது. ஜியாவுக்கு 1979-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்தது. முஷாரஃபுக்கு 2001 செப்டம்பர் தாக்குதல். மூன்று முறையும் அமெரிக்க உதவி கொட்டியது. முஷாரஃப் 2008 ஆகஸ்டில் பதவி விலகினார். நவம்பரிலேயே புதிய மக்களாட்சி அரசு கடனுக்காக ஐஎம்எஃப் எனும் சர்வதேச நாணய நிதியத்திடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

அப்புறம், வளர்ச்சி யாருக்குப் போனது? தொழில்துறையில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் 22 குடும்பங்களின் கையில் இருப்பதாக 1968-இல் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல; அரசின் திட்டக் குழுவில் இருந்த மஹ்பூப் உல் ஹக். கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) சணல் ஏற்றுமதியில் அந்நியச் செலாவணி ஈட்டியது, முதலீடு மேற்கே போனது. 1970 தேர்தலில் அங்கே 162 இடங்களில் 160-ஐ அந்தப் பகுதியின் கட்சியான அவாமி லீக் வென்றும் ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு நாடே இரண்டானது. இந்த இழப்பை எந்த வளர்ச்சிக் கணக்கில் எழுதுவது?

இன்றும் அங்கே ராணுவத்தோடு இணைந்த ஃபௌஜி அறக்கட்டளையின் நிறுவனங்கள் உரம், சிமென்ட், காலை உணவுக்கான கார்ன்ஃபிளேக்ஸ் வரை விற்கின்றன. பிரதமர்களில் ஒருவர்கூட ஐந்தாண்டு முழுதாக ஆண்டதில்லை. மக்களாட்சி அங்கே தோற்றுவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். அதை நடக்கவே விடவில்லை.