விண்வெளிக்குப் போன விலங்குகள்: கேள்வி பதில்

கேள்வி: விண்வெளிக்குப் போன முதல் விலங்கு லைக்காதானே?

இல்லை. 1957 நவம்பர் 3 அன்று புறப்பட்ட சோவியத் நாய் லைக்கா, பூமியைச் சுற்றிய முதல் விலங்கு. 1947 பிப்ரவரி 20 அன்றே அமெரிக்காவின் வி-2 ராக்கெட்டில் பழ ஈக்கள் 109 கிலோமீட்டர் உயரம் போய் உயிரோடு திரும்பிவிட்டன. விண்வெளியைத் தொட்டுவிட்டு இறங்குவது வேறு, சுற்றுப்பாதையில் சுற்றுவது வேறு. இரண்டையும் தயவுசெய்து குழப்பாதீர்கள்.

கேள்வி: பூனை எதுவும் போனதா?

போனது. இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். பிரான்ஸ் 14 பூனைகளுக்குப் பயிற்சி கொடுத்தது. மூளை அலைகளைப் பதிவுசெய்ய அவற்றின் தலைக்குள் மின்முனைகளைப் பொருத்தினார்கள். 1963 அக்டோபர் 18 அன்று, அல்ஜீரியப் பாலைவனத்தில் உள்ள ஹம்மகீரிலிருந்து வெரோனிக் ராக்கெட்டில் ஒரு பெண் பூனை 157 கிலோமீட்டர் உயரம் போனது (சுற்றுப்பாதைக்கு அல்ல). சுமார் 13 நிமிடத்தில் பாராசூட்டில் உயிரோடு இறங்கியது. சில மாதங்களில், மூளையை ஆராய்வதற்காக அதைக் கொன்றார்கள்.

ஏறும்போது அதற்குப் பெயர்கூட இல்லை, சி 341 என்ற எண்தான். ஃபெலிசெட் என்ற பெயர் பிறகு வந்தது. அதையும் சில தபால்தலைகள் ஃபெலிக்ஸ் என்று ஆண் பூனையாக்கிவிட்டன. அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய சிம்பன்சி ஹாமுக்கும் இதே கதைதான். திரும்பி வரும்வரை அவன் 65ஆம் எண். செத்துப்போனால் பெயர் வைத்து யாரும் அழக்கூடாது என்ற யோசனை அது. இந்த விலங்குகளை நாம் மறந்துவிட்டோம் என்கிறோம். உண்மையில், மறப்பதற்கான ஏற்பாடு ஏறும்போதே நடந்துவிட்டது. ஃபெலிசெட்டுக்கு ஸ்ட்ராஸ்பூர்கில் சிலை வைத்ததே 2019இல்தான்.

கேள்வி: லைக்கா எத்தனை நாள் உயிரோடு இருந்தது?

நாள் கணக்கே இல்லை. சில மணி நேரத்தில் கூண்டு சூடேறி இறந்துவிட்டது. இந்த உண்மை 2002இல்தான் வெளியே வந்தது.

கேள்வி: சிலந்தி வலை பின்னியதாமே?

ஆம், 1973இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில். அரபெல்லா என்ற சிலந்தி முதலில் தடுமாறி, பிறகு நன்றாகவே பின்னியது. யோசனை சொன்னது ஒரு பள்ளி மாணவி.

கேள்வி: பூனை பற்றிய பதிலைப் படித்தேன். இதெல்லாம் வெறும் கொடுமை, ஒரு பயனும் இல்லை.

இன்னொருவர்: பயன் இல்லாமலா மனிதன் போனான்? ஹாம் சிரித்துக்கொண்டே இறங்கிய படம் இருக்கிறதே!

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முதலில் அந்தப் படம். சிம்பன்சி அப்படிப் பல்லைக் காட்டுவது பயத்தில். அதைச் சிரிப்பு என்று இனி எழுதாதீர்கள்.

ஆனால் பயனே இல்லை என்பதும் சரியல்ல. 1961 ஜனவரி 31 அன்று ஹாம் பதினாறரை நிமிடம் பறந்தான். எடையற்ற நிலையிலும் பயிற்சியில் கற்றபடி விளக்கைப் பார்த்து நெம்புகோலை இழுத்தான். அங்கேயும் வேலை செய்ய முடியும் என்று தெரிந்தது. மூன்று மாதம் கழித்து, விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கராக ஆலன் ஷெப்பர்ட் போனார். அதே ஆண்டு மார்ச்சில் செர்னுஷ்கா, ஸ்வியோஸ்தோச்கா என்ற இரண்டு சோவியத் நாய்கள் தனித்தனியாகப் பூமியை ஒருமுறை சுற்றித் திரும்பின. இரண்டாவது நாய் இறங்கிய 18ஆம் நாள், விண்வெளிக்குப் போன முதல் மனிதராக ககாரின் போனார். இந்த விலங்குகளுக்கு மனித இனம் கடன்பட்டிருக்கிறது.

லைக்காவின் கதை வேறு. திரும்பி வர வழியே செய்யாமல் அனுப்பினார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த விஞ்ஞானி ஒலெக் கசென்கோவே, அந்தச் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு நாங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று பின்னாளில் வருந்தினார். ஆக, ஒவ்வொரு பயணத்தையும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒட்டுமொத்தமாகத் திட்டவும் வேண்டாம், புகழவும் வேண்டாம்.

கேள்வி: அப்படியென்றால் இப்போது விலங்குகளை அனுப்புவதைத் தடை செய்யலாமா?

அது சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: ஆமைகள் நிலவில் இறங்கியது உண்மையா?

இறங்கவில்லை, சுற்றிவந்தன. 1968 செப்டம்பரில் சோவியத்தின் சோண்ட் 5 கலத்தில் இரண்டு ஆமைகள் போயின. நிலவைச் சுற்றிய முதல் மனிதர்களுக்கு மூன்று மாதம் முன்பு! புறப்படும் முன்பிருந்தே பட்டினி. கலம் இந்தியப் பெருங்கடலில் விழுந்தபோதும் உயிரோடு இருந்தன. பிறகு அறுத்துப் பார்த்தார்கள். அவற்றின் பெயரைத் தேடாதீர்கள்.

கேள்வி: லைக்காவின் உடல் இன்னும் சுற்றுகிறதா?

1958 ஏப்ரல் 14 அன்று கலத்தோடு எரிந்துவிட்டது. மறுபடியும் லைக்கா! 1960 ஜூலை 28 அன்று ராக்கெட் வெடித்துச் செத்த பார்ஸ், லிசிச்கா என்ற நாய்களைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லையே.

கேள்வி: எதற்காவது கல்லறை உண்டா?

உண்டு. 1959 மே 28 அன்று ஏபிள், பேக்கர் என்ற இரு குரங்குகள் ஒரே அமெரிக்க ராக்கெட்டில் போய் உயிரோடு திரும்பின. நான்காம் நாள், உடலில் பொருத்தியிருந்த மின்முனையை எடுக்கும் அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து தாங்காமல் ஏபிள் இறந்தது. பேக்கர் 1984 வரை வாழ்ந்தது. அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் அதன் கல்லறை இருக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.