பல கிளவுடுகளில் ஓடும் கன்டெய்னர்களை நிர்வகிக்க எந்தத் தளம்?

சொந்த டேட்டா சென்டரிலும் இரண்டு கிளவுடுகளிலும் கன்டெய்னர்கள் (அப்ளிகேஷனையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள்) ஓடுகின்றன, இவற்றை ஒரே இடத்திலிருந்து கவனிக்க ஓப்பன்ஷிஃப்ட், ரேன்சர், ஆந்தோஸ், அஷூர் ஆர்க் இவற்றில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கிவிட்டால் நினைத்த நேரத்தில் ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் அந்த நம்பிக்கையில்தான் காசைப் போடுகிறார்கள். தளத்தை வாங்கியதால் மட்டும் அப்படி மாற முடியாது. இவை தருவது பல கிளஸ்டர்களை, அதாவது குபெர்னெட்டிஸ் என்ற கன்டெய்னர் நிர்வாக மென்பொருளின் கீழ் ஒன்றாக ஓடும் சர்வர் கூட்டங்களை, ஒரே மாதிரி நிர்வகிக்கும் வசதி. யாருக்கு எந்த நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த பகுதி) அனுமதி, எந்த இமேஜ் (கன்டெய்னரின் மூல வார்ப்பு) ஓடலாம், எப்போது அப்கிரேட் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் தீர்மானிக்கலாம். அப்ளிகேஷனை இடம் மாற்றுவது தனி வேலை, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எது எப்படி ஓட வேண்டும் என்று குபெர்னெட்டிஸுக்கு எழுதிக் கொடுக்கும் உங்கள் யாமல் ஃபைல்களையே திறந்து பாருங்கள். எந்த இமேஜ், எத்தனை நகல் என்று சொல்லும் டிப்ளாய்மென்ட் பகுதி பெரும்பாலும் எங்கே போனாலும் அப்படியே ஓடும். சர்வீஸ் பகுதியில், வரும் கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர் கேட்டிருப்பீர்கள். அதற்கு மேலே உள்ள அனொட்டேஷன்கள் எனும் குறிப்புகள், அதாவது உள் நெட்வொர்க்குக்கா வெளி உலகுக்கா, எந்தச் சான்றிதழ் என்பவை, ஒவ்வொரு கிளவுடிலும் வேறு வேறு. அடுத்தது ஸ்டோரேஜ். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு இபிஎஸ் டிஸ்க் அது உருவான அவெய்லபிலிட்டி ஸோனோடு, அதாவது அந்த டேட்டா சென்டர் பகுதியோடு, கட்டுண்டது. பக்கத்து ஸோனில் உள்ள நோடிலேயே (கிளஸ்டரின் ஒரு சர்வர்) அதை மாட்ட முடியாது என்றால் வேறு கிளவுடைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்புறம் ஒரு பாட் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்கள்) கிளவுடின் ஃபைல் கிடங்கான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜைத் தொடுவதற்கான அடையாளம். ஏடபிள்யூஎஸ்ஸில் ஐஏஎம் ரோல், கூகுளில் வொர்க்லோட் ஐடென்டிட்டி என்று அதுவும் மாறும். டேட்டாவை வெளியே எடுக்கும்போது கிளவுட்காரர்கள் போடும் கட்டணம் வேறு இருக்கிறது.

ஒரே கிளஸ்டரை இரண்டு கிளவுடுகளுக்கும் நீட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். குபெர்னெட்டிஸின் நிலையெல்லாம் இருப்பது ஈடிசிடி என்ற தரவுத்தளத்தில். அதில் ஒவ்வொரு மாற்றமும் பெரும்பான்மை உறுப்பினர்களின் டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் ஏற்கப்படும். தலைமை உறுப்பினர் உயிரோடு இருப்பதாக அனுப்பும் ஹார்ட்பீட்டின் இயல்பு இடைவெளி 100 மில்லி செகண்ட், புதுத் தலைமையைத் தேடத் தொடங்கும் காலக்கெடு 1000 மில்லி செகண்ட். நடுவில் உள்ள லிங்க் தடுமாறினால் தேர்தல் மேல் தேர்தலாக நடந்து கிளஸ்டரே நின்றுவிடும். கிளவுடுக்கு ஒரு கிளஸ்டர் என்று தனித்தனியாகவே வையுங்கள்.

சரி, தளங்களுக்கு வருவோம். ஓப்பன்ஷிஃப்ட் 2011-இல் வந்தது, 2015-இல் மூன்றாம் பதிப்பில் குபெர்னெட்டிஸ் மேல் புதிதாகக் கட்டப்பட்டது. எனக்கு அதில் பிடித்தது அதன் கண்டிப்பு. வழக்கமான என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இமேஜை எடுத்து அதில் போட்டுப் பாருங்கள், கேஷ் டைரக்டரியில் எழுத அனுமதி இல்லை என்று சொல்லி விழுந்துவிடும். எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசராக ஓட விடாமல் நேம்ஸ்பேஸுக்கு ஒதுக்கிய ஏதோ ஒரு யூசர் எண்ணில் ஓட்டுவதுதான் காரணம். டைரக்டரியின் குரூப்பை பூஜ்யமாக்கி, குரூப்புக்கு எழுதும் அனுமதி கொடுத்து, 8080 போன்ற போர்ட்டுக்கு மாற்றினால் ஓடும். டெவலப்பர்கள் முதலில் கோபப்படுவார்கள். ஆனால் தணிக்கை கடுமையாக இருக்கும் நிறுவனத்துக்கு இந்தப் பூட்டுதான் தேவை. சந்தா கோர் கணக்கில் ஏறும், அதை மட்டும் முன்பே கணக்குப் போடுங்கள்.

ரேன்சர் வேறு மாதிரி. 2020-இல் சூசே வாங்கிய இது ஓப்பன் சோர்ஸ்தான், சப்போர்ட்டுக்குத்தான் பணம். ஈகேஎஸ், ஏகேஎஸ், ஜிகேஈ (முறையே அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் தரும் குபெர்னெட்டிஸ் சேவைகள்) என்று உங்களிடம் இருப்பதை அப்படியே உள்ளே சேர்த்துக்கொள்ளும். உங்கள் நிலைமையில் நான் முதலில் சோதிப்பது இதைத்தான். சோதிக்கும்போது ரேன்சர் சர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். கீழே உள்ள கிளஸ்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் உங்கள் ஆட்கள் அப்போது எந்த வழியாக உள்ளே நுழைவார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

2019-இல் வந்த கூகுளின் ஆந்தோஸ் பின்னர் ஜிகேஈ என்டர்பிரைஸ் என்ற பெயருக்குள் போனது. அஷூர் ஆர்க் ஏற்கனவே ஓடும் கிளஸ்டரில் ஏஜென்ட் போட்டு அதை மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரோடு இணைக்கும். உங்கள் வேலையின் மையம் அந்தந்த கிளவுடிலேயே இருந்தால் இவை பொருந்தும், இல்லையென்றால் நான் எடுக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் அப்கிரேட் பற்றித் துருவிக் கேளுங்கள். குபெர்னெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம். 2021-இல் வந்த 1.22 பழைய இன்கிரஸ் பீட்டா ஏபிஐயை (வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை வழிநடத்தும் விதிகளை எழுதும் பழைய முறை) நீக்கியது, 2022-இல் 1.25 பாட்களுக்கான பாதுகாப்பு விதிமுறையான பாட் செக்யூரிட்டி பாலிசியை முழுதாக எடுத்துவிட்டது. எந்தெந்த அப்ளிகேஷன் பழைய ஏபிஐயைப் பிடித்துத் தொங்குகிறது என்று அப்கிரேடுக்கு முன்பே சொல்லும் தளம், அழகான டாஷ்போர்டைவிடப் பல மடங்கு உசத்தி.

இன்னொன்று, மூன்று நான்கு கிளஸ்டர்கள்தான் என்றால் பெரிய தளமே வேண்டாம். கிளவுட்காரர்களின் குபெர்னெட்டிஸ், அதன் மேல் கிட் களஞ்சியத்தில் எழுதியதை கிளஸ்டரில் அப்படியே அமல்படுத்தும் ஆர்கோ சிடி, விதிகளுக்கு கைவெர்னோ என்று தொடங்குங்கள். பின்னால் தளம் வாங்கினாலும் கிட்டில் எழுதி வைத்தது வீணாகாது.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நேம்ஸ்பேஸை வெலீரோ என்ற பேக்கப் கருவியால் பேக்கப் எடுத்து வேறு கிளவுடில் மீட்டுப் பாருங்கள். டிஸ்க் ஸ்னாப்ஷாட் அந்தப் பக்கம் செல்லாது, ஆகவே ஃபைல் சிஸ்டம் பேக்கப்பாக எடுங்கள். எதெல்லாம் எழுந்திருக்கவில்லையோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, டெமோ காட்ட வருபவரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, இதில் எதை உங்கள் தளம் தீர்க்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.