அகலமான பாதையிலும் நெரிசல் ஏன்? கேள்வி பதில்

கேள்வி: 10 கிகாபிட் லிங்க் இருக்கிறது. தொலைவில் உள்ள சர்வருக்குக் கோப்பு அனுப்பினால் வேகம் 5 மெகாபிட்டைத் தாண்டவில்லையே?

லிங்க்கைத் திட்டாதீர்கள். பெறும் முனையிலிருந்து ஒப்புதல் வருவதற்குள் எவ்வளவு தரவை அனுப்பலாம் என்பதற்கு டிசிபி (தரவைத் தொலையாமல் கொண்டு சேர்க்கும் இணைய விதிமுறை) ஒரு விண்டோ, அதாவது ஓர் அளவு வரம்பு, வைத்திருக்கிறது. பாக்கெட் (தரவின் சிறு துண்டு) போய்ப் பதில் திரும்ப 100 மில்லி விநாடி ஆகிறதென்றால், உங்கள் பாதையை நிரப்ப 125 மெகாபைட் வழியில் இருந்தாக வேண்டும். பழைய 64 கிலோபைட் வரம்பில் விண்டோ நின்றுவிட்டால் கிடைப்பது நீங்கள் சொல்லும் அதே 5 மெகாபிட்தான்! அந்த வரம்பைத் தாண்டி விண்டோவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் இரு முனையிலும் இயங்குகிறதா, நடுவில் ஏதாவது ஃபயர்வால் அதை அழித்துவிடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பாக்கெட் தொலையக் கூடாதென்று ரூட்டரின் பஃபரை (பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) பெரிதாக்கினோம். இப்போது பதிவிறக்கம் ஓடினாலே வீடியோ அழைப்பு திணறுகிறது.

வினையை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். கியூபிக் போன்ற வழக்கமான டிசிபி முறைகள் பாக்கெட் தொலைந்தால்தான் நெரிசலை உணரும். பெரிய பஃபர் அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது. அனுப்புபவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக, வரிசை நீள்கிறது, அழைப்பின் பாக்கெட்டும் அதே வரிசையில் நிற்கிறது.

1986இல் பெர்க்லியில் சுமார் 400 கெஜத் தொலைவுக்குள் 32 கிலோபிட் வேகம் 40 பிட்டாகச் சரிந்தபோது அதை ஆராய்ந்தவர் வான் ஜேக்கப்சன். அவரும் காத்லீன் நிக்கோல்ஸும் 2012இல் தந்த கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதையே பார்க்கும். காத்திருப்பு 100 மில்லி விநாடி முழுவதும் 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். ஓட்டங்களையும் (ஒவ்வொரு இணைப்பின் பாக்கெட் தொடர்) பிரித்து வைக்கும் எஃப்க்யூ-கோடெல் லினக்ஸிலேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். ஆனால் வரிசை உங்கள் ரூட்டரில் சேராமல் மோடத்தில் சேர்ந்தால் பயனில்லை. லிங்க் வேகத்தைவிடச் சற்றே குறைவாக ஷேப்பரை (அனுப்பும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பு) அமைத்தால் வரிசை உங்கள் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: பிபிஆருக்கு மாறினால் போதாதா?

பிபிஆர், பாக்கெட் இழப்பை நம்பாமல் பாதையின் வேகத்தையும் தாமதத்தையும் அளந்து அனுப்பும் டிசிபி முறை. தொலைவான, பாக்கெட் அவ்வப்போது தொலையும் பாதைகளில் நல்ல பலன் தரும்; அனுப்பும் சர்வரில் மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கூகுள் 2016இல் வெளியிட்ட முதல் பதிப்பு, சிறிய பஃபர் உள்ள இடங்களில் கியூபிக் ஓட்டங்களை நெருக்கித் தள்ளக்கூடியது. பாதையைப் பிறரோடு பகிர்கிறீர்கள் என்றால் சோதித்துப் பார்த்தே மாறுங்கள்.

கேள்வி: எங்கள் சேவைகள் அனைத்தும் முக்கியம். எல்லாவற்றையும் உயர் முன்னுரிமையில் வைக்கலாமா?

வேண்டாம். எல்லாமே முதலில் என்றால் எதுவுமே முதலில் இல்லை. குரல் அழைப்பு போன்ற, குறைந்த தரவே அனுப்பும் மெல்லிய ஓட்டங்களுக்கு மட்டும் கொடுங்கள். அதற்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

கேள்வி: லிங்க் பாதிகூட நிரம்பவில்லை, சர்வரில் ஒரே ஒரு சிபியு கோர் மட்டும் முழு வேகத்தில் கொதிக்கிறது.

பிட் கணக்கை விட்டு பாக்கெட் கணக்கைப் பாருங்கள். 64 பைட் பாக்கெட்டுகளானால் 10 கிகாபிட்டில் விநாடிக்கு 1.488 கோடி வரும். ஒன்றுக்கு 67 நானோ விநாடிதான். நெட்வொர்க் கார்டில் இதற்கென்றே உள்ள ஆர்எஸ்எஸ் வசதியைக் கொண்டு ஓட்டங்களைப் பல கோர்களுக்குப் பங்கிடுங்கள். அதற்கும் மிஞ்சினால், கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வழக்கமான நெட்வொர்க் அடுக்குக்குப் போகும் முன்பே பாக்கெட்டைக் கையாளும் எக்ஸ்டிபி. கெர்னலைத் தவிர்த்து நிரலே கார்டை நேரடியாகக் கையாளும் டிபிடிகே கடைசிப் படி: வேலை இல்லாதபோதும் கோரை முழுதாக விழுங்கும், கெர்னலின் வழக்கமான கண்காணிப்புக் கருவிகளும் அங்கே கைகொடுக்காது.