ஜெனரேட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழையில் நனையாமல் இருக்க, பெட்ரோல் ஜெனரேட்டரை போர்ட்டிகோவில் வைத்து ஓட்டுகிறோம். ஜன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறோம். போதாதா?
வாசகி, நாகப்பட்டினம்

போதாது. சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாமல் உயிர் போய்விடும். திறந்த ஜன்னல் அந்த வாயு உள்ளே வரும் வழியாகிவிடுகிறது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். அந்தப் பக்க ஜன்னல்களைச் சாத்துங்கள். மழைக்கு, நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரை போடலாம். தார்ப்பாய் போர்த்தி ஓட்டக் கூடாது. யாருக்காவது தலைசுற்றினால் முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரை சாக்கெட்டில் செருகி, வீடு முழுக்கக் கரண்ட் எடுக்கிறோம். மெயினை அணைத்துவிட்டால் பயமில்லைதானே?
வாசகர், பட்டுக்கோட்டை

இன்றே நிறுத்துங்கள். ஒருநாள் மெயினை அணைக்க மறந்தால், உங்கள் 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாகத் திரும்பிப் போய் டிரான்ஸ்பார்மரில் ஏறும். 11,000 வோல்ட்டை இறக்கித் தரும் அதே டிரான்ஸ்பார்மர், இந்தப் பக்கமிருந்து கரண்ட் போனால் உயர்த்தியும் விடும். 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு உங்கள் பகுதியில் எத்தனை நாள் கம்பம் நட்டு லைன் இழுத்தார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைக்கும் லைன்மேனின் உயிர் இது.

ஆபத்து வீட்டுக்குள்ளும் உண்டு. வயர் சாக்கெட்டிலிருந்து கழன்றால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்னிலேயே 230 வோல்ட் இருக்கும், குழந்தை தொட்டுவிடும். மெயின் போட்டிருக்கும்போது ஈபி கரண்ட் திரும்பி வந்தால் ஜெனரேட்டர் காயில் கருகிப்போகும்.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். ஒரு பக்கம் ஈபி, நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றாகச் சேர வழியே இருக்காது. அதுவரை ஃபிரிட்ஜ், ஃபேனுக்கு ஜெனரேட்டரிலிருந்தே நேராகத் தடித்த எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு மூடி வைத்த மெஷின். கயிறு இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம், ஸ்டார்ட் ஆகவில்லை.
வாசகர், கடலூர்

முதலில் செலவில்லாததைப் பாருங்கள். மெஷினைச் சமதரையில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். பல ஃபோர் ஸ்ட்ரோக் மெஷின்களில் ஆயில் குறைந்தால் சென்சார் ஸ்பார்க்கையே நிறுத்திவிடும். சாய்வான தரையில் வைத்தாலும் இதே கதைதான்.

ஆயில் சரியாக இருந்தால், சந்தேகம் பழைய பெட்ரோல் மேல்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பிசின் போலப் படிந்து, ஊசிமுனை அளவுள்ள ஜெட் துளையை அடைத்துவிடும். சோக் (உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் லிவர்) இழுத்தால் மட்டும் ஓடி, சோக்கைத் தள்ளியதும் நின்றால் ஜெட் அடைப்பு என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். டேங்கைக் காலி செய்யுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குருவைத் தளர்த்தி அதிலிருப்பதையும் வடியுங்கள். புது பெட்ரோல் ஊற்றியும் ஓடாவிட்டால் ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனர் அடிக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஸ்பார்க் பிளக் கருத்திருந்தால் துடைத்து, இடைவெளியை 0.7 மி.மீ. அளவுக்கு வையுங்கள்.

இனி எடுத்து வைக்கும்போது, பெட்ரோல் வால்வை மூடிவிட்டு மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காய்ந்துவிடும்.

2 கேவிஏ மெஷினில் 1 ஹெச்பி மோட்டார் ஓடுமா?
வாசகி, திருத்துறைப்பூண்டி

திணறும். 2 கேவிஏ என்றால் அதிகபட்சம் 2,000 வாட். மோட்டார் ஓடும்போது சுமார் 1,000 வாட்தான்; கிளம்பும் நொடியில் அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். ஃபிரிட்ஜ், நாலு ஃபேன், விளக்குகளுக்கு 2 கேவிஏ தாராளம். ஃபிரிட்ஜை முதலில் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பெட்ரோல் ஊற்றும் முன் மெஷினை நிறுத்தி 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான சைலன்சரில் சிந்தினால் தீப்பிடிக்கும்.