கட்டடக்கலை என்றால் படம் வரைவது மட்டும்தானா?

மகள் கட்டடக்கலைதான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள், நீங்களோ சிவில் படிக்கச் சொல்கிறீர்கள். "படம் வரைய இத்தனை வருடப் படிப்பா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். சம்பளத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், அவள் விரும்புவது வெறும் படம் வரைகிற வேலை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பிரேசிலில் குரிடிபா என்றொரு நகரம். மெட்ரோ ரயிலுக்கு ஆகும் செலவு அதற்குக் கட்டுப்படியாகாததால் 1974 முதல் பேருந்துகளுக்குத் தனித்தடம் போட்டது. தடம் மட்டும் போதாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியேறிச் சீட்டு வாங்கி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். 1991-இல் குழாய் வடிவ நிறுத்தங்கள் வந்தன. உள்ளே நுழையும்போதே கட்டணம் கட்டிவிடலாம். நிறுத்தத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரம், அதனால் முதியவரும் குழந்தையோடு வருபவரும் நேராக நடந்து உள்ளே போகலாம். சக்கர நாற்காலியில் வருபவர் நிறுத்தத்துக்குள் ஏறத் தனி லிஃப்டும் வைத்தார்கள். மக்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்ததில் பிறந்த வடிவம் இது. அப்போதைய மேயர் ஜைமே லெர்னர் படிப்பால் கட்டடக்கலைஞர். உங்கள் மகள் போக நினைக்கும் துறை இதுதான்.

நல்ல வடிவமைப்பு என்றால் செலவு கூடும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. சுவிட்சர்லாந்தின் சால்கினாடோபல் பாலத்தை இன்றும் உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். 1930-இல் கட்டி முடிந்த அந்தப் பாலத்துக்கு வந்தவை 19 திட்டங்கள். அவற்றில் செலவு குறைவு என்பதால்தான் ரோபர்ட் மையாரின் திட்டம் தேர்வானது. விசை எங்கே அதிகமோ அங்கே மட்டும் கான்கிரீட்டைத் தடிமனாக்கி, மற்ற இடங்களில் மெலிதாக்கினார். சிக்கனமும் அழகும் சேர்ந்தே வந்தன.

மையார் சிவில் பொறியாளர். அதனால் சிவில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்டடம் எப்படி நிற்கிறது, எவ்வளவு எடை தாங்கும் என்று உங்கள் மகள் கேட்பவளானால் நீங்கள் சொல்வதே சரி. கட்டடக்கலைக்கு வேறு கண் வேண்டும். ஒரு பெரிய மருத்துவமனைக்கோ ரயில் நிலையத்துக்கோ அவளைக் கூட்டிப்போய், மக்கள் எங்கே வழி தெரியாமல் நிற்கிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள், நீ என்ன மாற்றுவாய் என்று கேளுங்கள். ஆர்வமாகப் பேச ஆரம்பித்தால் தடுக்காதீர்கள். வரையத் தெரிவது இரண்டாம்பட்சம், அதைக் கல்லூரியில் கற்றுக்கொள்ளலாம்.

சரி, சம்பளம். தொடக்க வருடங்களில் குறைவாகத்தான் இருக்கும், மென்பொருள் துறைக்குப் போன நண்பர்களோடு ஒப்பிட்டால் மனம் சோரும். வேலை நேரமும் நீளம். பல நாடுகளில் பட்டம் வாங்கிய பிறகு அலுவலகப் பயிற்சியும் பதிவும் முடித்தால்தான் கட்டடக்கலைஞர் என்று போட்டுக்கொள்ள முடியும். பொதுப்பணித் திட்டங்கள் வருடக்கணக்கில் இழுக்கும். இதையெல்லாம் அவளிடம் இப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் வேலை வீடு கட்டித் தருவதோடு முடிவதில்லை. போக்குவரத்து அமைப்புகள், நகரத் திட்டமிடல், மருத்துவமனை வடிவமைப்பு, பூங்காக்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி என்று பல வழிகள் உண்டு. பழைய கட்டடங்களை இடிக்காமல் புதுப்பிக்கும் வேலையும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கல்லூரி பார்க்கப் போகும்போது விளம்பரக் கையேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். பட்டம் தொழில் பதிவுக்குச் செல்லுமா? மாணவர்கள் வெளியே போய் உண்மையான இடங்களை அளந்து படிக்கிறார்களா? கடைசி வருடப் பயிற்சிக்கு எந்த அலுவலகங்களுக்குப் போகிறார்கள்? மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராத கல்லூரியில் பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.